வெளியேறிய தேதி

பத்தொன்பதாம் நாள் இரவு
எண்ணூர் விரைவுச்சாலையில்
பதினொரு மணி நேரமாக அசையாத கன்டெய்னர் வரிசையில்
சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு
இறங்கி நடந்தேன்.

எஞ்சின் அணைந்திருந்தது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தேன்.
இதை ஒவ்வொரு இன்டர்வியூவிலும் சொல்கிறேன்.
யாரும் குறித்துக்கொள்வதில்லை.

எனக்குப் பழக்கிவிட வந்த எபிநேசர்
பின்படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார்.
எழுப்பியிருந்தால் விட்டிருக்கமாட்டார் என்றில்லை,
எழுப்பியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன்.
கெட்டவர் இல்லை.
பரோட்டாவுக்கு என் தட்டில்தான் சால்னா அதிகம் ஊற்றச் சொல்வார்.
ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும்
என் பெயர் மறந்துபோய்
என் அம்மாவிலிருந்து ஆரம்பிப்பார்.

நாற்பதடி டிரெய்லர் பின்னால் இடப்பக்கம் போக
ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
மூளை ஒத்துக்கொண்டுவிட்டது,
கைதான் ஒத்துக்கொள்ளவில்லை.
பதினெட்டாம் நாள் மணலி யார்டில்
வாட்ச்மேனின் சைக்கிள் அப்பளமானது.
அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.
எல்லோரும் சிரித்தார்கள், வாட்ச்மேனும்,
நானும்.
கேரியரில் இருந்த டிபன் டப்பா திறந்து
தயிர்சாதம், ஒரு வடுமாங்காய்.
மூடி மட்டும் எங்கோ உருண்டு போயிருந்தது.
அதைத் தேடிக்கொண்டிருந்தேன்
ஹாரன் அடித்துக் கூப்பிடும் வரை.

வரிசையோரம் நடக்கையில்
இரண்டு லாரிகளுக்கு நடுவே பம்ப் ஸ்டவ்வில்
முட்டை பொரித்துக்கொண்டிருந்த கிளீனர் கேட்டான்:
"எங்க பிரதர், டீசலா?"
ஆமாம் என்றேன்.
எர்ணாவூரில் முதல் ஷேர் ஆட்டோ கிடைத்தபோது
மணி நாலரை.

லைசென்ஸுக்காக அக்காவின் வளையல் போயிருந்தது.
முத்திரைத்தாளில் நாற்பத்தைந்தாயிரத்துக்குக் கையெழுத்து.
பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அவர்கள் பீரோவில்.
அக்கா எதுவும் கேட்கவில்லை.
வெறுங்கையோடு கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

செங்குன்றம், ஸ்ரீபெரும்புதூர், அம்பத்தூர்.
"பத்தொன்பதே நாளா?
ஆக்சிடென்டா? குடியா? டீசல் திருட்டா?"
இல்லை, இல்லை, இல்லை.
மூன்றாவது 'இல்லை'க்குப் பிறகு
அவர்களிடம் கேள்வி தீர்ந்துவிடும்,
வேலையும்.
ஒன்றாவது செய்திருந்தால்
சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

மறைத்துவிடு என்றான் மச்சான். மறைத்தேன்.
அந்த ஆபீஸ் பெண்
என் பி.எஃப் எண்ணைத் தட்டித்
திரையை என் பக்கம் திருப்பினாள்.
சேர்ந்த தேதி இருந்தது.
வெளியேறிய தேதி, காலிக் கட்டம்.
கம்பெனி நிரப்பவே இல்லை.
"சார், நீங்க இன்னும் அங்கதானே வேலை செய்றீங்க?"

மூன்று வருஷமாக
நான் அந்த வரிசையில்தான் நிற்கிறேன் போலிருக்கிறது.
நகர்ந்திருக்குமா என்றுகூடத் தெரியவில்லை.

இப்போது வியாசர்பாடியில் தண்ணீர் கேன், சின்ன யானை வண்டி.
இடது ஒடித்தால் இடது போகிறது.
ஹெவி லைசென்ஸ் பர்ஸில் இருக்கிறது,
புதுப்பிக்க அடுத்த ஆனியில் பணம் கட்ட வேண்டும்.
கட்டுவேனா தெரியாது.

போன வாரம் மாத்தூர் சிக்னலில்
பக்கத்தில் வந்து நின்றது ஒரு டிரெய்லர்.
அண்ணாந்து பார்த்தேன்.
எபிநேசர், கிளீனர் பக்கச் சீட்டில், தாடி நரைத்து.
திட்டப்போகிறார் என்று கண்ணாடியை ஏற்றப் போனேன்.
"ஹேண்ட்பிரேக் போட்டுட்டுத்தான்டா போயிருந்தே" என்றார்.
அதற்கு என்ன சொல்வது?
தலையாட்டினேன்.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
ஸ்டியரிங்கில் ஒரு பையன்,
ஐந்தாம் நாளோ பதினேழாம் நாளோ,
பச்சை விழுந்ததைப் பார்க்காமல்
பக்கவாட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.